முந்தானைக் கறை

2025 ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

அம்மா டிரங்குப் பெட்டியிலிருந்து அப்பத்தாவின் இளநீலச் சுங்குடிச் சேலையை எடுத்துத் தந்தாள். கையால் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்த பழைய மதுரைச் சேலை; ஒரு புள்ளி போல மறுபுள்ளி இல்லை. முந்தானை ஓரத்தில் உள்ளங்கையளவு மஞ்சள் கறை. மோர்க்குழம்பு! சமைக்கும்போது கையை அங்கேதான் துடைப்பார்.

உடனே குறுந்தொகையின் 167ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. கூடலூர் கிழார் பாடியது. புதுமணப் பெண் தயிர் பிசைந்த விரலைச் சேலையில் துடைக்கிறாள், துவைக்காமல் அதையே உடுத்தியிருக்கிறாள், தாளிப்புப் புகை கண்ணில் ஏறுகிறது. கணவன் இனிது என்று உண்கிறான். அவள் முகம் ‘நுண்ணிதின் மகிழ்ந்தன்று’; வெளியே தெரியாமல் நுட்பமாக மகிழ்ந்தது. சுவரில் மாட்ட ஒட்டுத்துணிச் சித்திரம் ஒன்று தைக்க வெகுநாளாக ஆசை. இனி வேறு பொருள் தேட வேண்டாம்.

ஆகஸ்ட் 9

கறையை நடுவில் வைப்பதில் அம்மாவுக்குச் சம்மதமில்லை. “நாலு பேர் பார்க்கிற இடத்தில் அத்தையின் அழுக்குச் சேலையையா மாட்டப்போகிறாய்? துவைத்து வெயிலில் போடு, போய்விடும்.”

போய்விடும்தான். மஞ்சள் கறை சோப்புப் பட்டால் சிவக்கும், வெயில் பட்டால் வெளுக்கும். அதனால்தான் இரண்டையும் காட்டாமல் வைத்திருக்கிறேன். அப்பத்தாவுக்கு எழுதத் தெரியாது. அவர் கைப்பட மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

ஆகஸ்ட் 17

நைந்த நூல் சேலை தனியாகத் தையலைத் தாங்காது. அடியில் மல் துணி கொடுத்தேன். அதற்கும் கீழே மெல்லிய பஞ்சு விரிப்பு, பின்புறம் தாத்தாவின் வேட்டி. அடுக்குகள் நகராதபடி நடுவிலிருந்து ஓரம் நோக்கி நீளத் தையல் ஓட்டினேன்.

வங்காளத்தில் பழந்துணிகளை அடுக்கிக் ‘காந்தா’ என்னும் விரிப்புகளைத் தைத்த பெண்கள் பழஞ்சேலைக் கரையிலிருந்தே நூல் உருவிப் பூவேலை செய்தார்கள். நானும் உருவினேன். சற்று இழுத்தாலே அறுகிறது. ஈர விரலால் முறுக்கி இரண்டிழையாகக் கோத்தால் ஊசிக்கு அடங்குகிறது. தாளிப்புப் புகை முழுவதும் அந்த நூலில்தான்: கீழே நெருக்கமாக, மேலே போகப்போக இடைவெளி விட்டு.

ஆகஸ்ட் 24

பாட்டில் அவள் விரல் காந்தள். செங்காந்தள் இதழ் அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு, ஓரமெல்லாம் நெளிவு. அம்மாவின் பழைய ரவிக்கைத் துணியில் வெட்டி, நெளிவை ஊசி நுனியால் மடித்து மடித்துத் தைத்தேன். ஒரே இதழுக்கு மாலைப்பொழுது முழுவதும் போயிற்று. பூவுக்கு ஆறு இதழ். எனக்கு ஐந்து போதும்.

ஆகஸ்ட் 30

இந்தப் பாட்டைச் சொல்பவள் செவிலித்தாய். மகள் குடித்தனம் நடத்தும் அழகைப் பார்த்துவந்து பெற்றவளிடம் சொல்கிறாள். எங்கள் வீட்டு அடுப்படியைப் பார்த்தவள் அம்மாதான். இன்று அவளாகவே பேசினாள்: “மாமா நன்றாயிருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. சோற்றில் இன்னொரு குழி செய்வார், அவ்வளவுதான். அத்தை ஊற்றிவிட்டு உள்ளே வருவார், சிரிப்பை என்னிடம் காட்டாமல்.”

அந்த மகிழ்ச்சியை எப்படித் தைப்பது என்று திணறிக்கொண்டிருந்தேன். முகமே வேண்டாம். கறைக்குப் பக்கத்தில் வேட்டித் துணியில் ஒரு சோற்றுக் குவியல், நடுவில் குழி, அதில் மஞ்சள் நூல். குழியைத் தானே தைப்பதாக அம்மா ஊசியை வாங்கிக்கொண்டாள். இனி ஓரப்பட்டியும், பின்பக்கம் கம்பி நுழைக்க ஓர் உறையும் தைக்க வேண்டும்.