உயர்தரப் பாடங்களைத் தெரிவதற்கு முன் கைநூலைத் திறந்து பாருங்கள்

சாதாரண தரப் பெறுபேறுகள் வெளிவந்த கையோடு மலையகத்து வீடுகளில் எழும் முதற் கேள்வி, பிள்ளை எந்தப் பிரிவில் படிக்கப்போகிறது என்பதுதான். கலையா, வர்த்தகமா, கணிதமா, உயிரியலா, தொழில்நுட்பமா என்று பிரிவின் பெயரோடு அந்தப் பேச்சும் முடிந்துவிடுகிறது. ஆனால் பல்கலைக்கழக அனுமதி பிரிவின் பெயரோடு நின்றுவிடுவதில்லை. அப்பிரிவுக்குள் எந்த மூன்று பாடங்களில் மாணவர் சித்தியடைந்திருக்கிறார் என்பதே ஒவ்வொரு கற்கைநெறிக்கும் கணக்கில் எடுக்கப்படுகிறது. இந்த விவரம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் இருக்கிறது. ஹட்டனுக்கு அருகில் உயர்தர மாணவர்களுக்குக் கற்பித்து வருகின்ற நான், இந்த ஒரு விடயத்தைப் பெற்றோர் அறியாதிருப்பதால் நல்ல பிள்ளைகள் வாய்ப்பை இழப்பதைக் கண்டு மிகவும் வருந்துகிறேன்.

உயிரியல் பிரிவில் பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானத்தை எடுக்க இடமுண்டு. மலைப்பகுதிப் பாடசாலைகளில் பௌதிகவியலுக்கு ஆசிரியர் கிடைப்பது அரிது என்பதால், விவசாயத்தையே எடுக்குமாறு பாடசாலையே சொல்வதும் உண்டு. அப்படி எடுத்த பிள்ளை, எவ்வளவு உயர்ந்த பெறுபேறு பெற்றாலும், மருத்துவத்துக்கோ பல் மருத்துவத்துக்கோ விண்ணப்பிக்க முடியாது. கணிதப் பிரிவிலும் இதே நிலைதான்: இரசாயனவியலை விட்டுவிட்டுத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பவியலை எடுப்பவருக்குப் பொறியியல் பீடம் கிடையாது, கணினி சார்ந்த கற்கைநெறிகள் போன்ற வேறு வழிகளே திறந்திருக்கும். 2013இல் அறிமுகமான தொழில்நுட்பப் பிரிவைப் பற்றியும் ஒரு மயக்கம் நிலவுகிறது. பொறியியல் தொழில்நுட்பம் படித்தால் வழமையான பொறியியல் பட்டம் கிடைக்கும் எனப் பலர் நம்புகின்றனர். அப்பிரிவினருக்கு உரியது தொழில்நுட்பப் பட்டம். அது மதிப்புள்ள பட்டம்தான், ஆனால் வேறொரு பட்டம்.

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு மாணவி தன் தாயோடு என்னைப் பார்க்க வந்தாள். அந்தித் தராசில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நேராக வந்திருந்த அந்தத் தாய், “டீச்சர், பௌதிகம் கஷ்டமாம், விவசாயம் படிச்சா புள்ள டொக்டர் ஆக ஏலாதா?” என்று கேட்டார். அனுமதிக் கைநூலில் மருத்துவத்துக்குரிய பக்கத்தை எடுத்து, அங்கிருந்த மூன்று பாடங்களையும் மாணவியையே வாசிக்கச் சொன்னேன். அடுத்துச் சில பக்கங்களைப் புரட்டி, விவசாயப் பட்டத்துக்கு இரசாயனவியல், உயிரியல், விவசாய விஞ்ஞானம் ஆகிய மூன்றும் போதும் என்பதையும் காட்டினேன். “தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்துலயிருந்து மண்ணு பார்க்க வாறாங்களே, அவங்க படிச்சதா?” என்று தாய் கேட்டபோதுதான் மகளின் முகம் மலர்ந்தது. அவள் விவசாயத்தையே தெரிந்தாள். எதை விடுகிறோம் என்று தெரிந்துகொண்டே தெரிந்தாள் என்பதில் எனக்கு மிகுந்த நிறைவு.

தேயிலையைச் சுற்றியே வாழ்கின்ற நம் பிள்ளைகளுள் எத்தனை பேருக்குத் தேயிலைத் தொழில்நுட்பத்தையும் பெறுமதி சேர்ப்பையும் ஒரு பட்டப்படிப்பாகவே பதுளையில் உள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் கற்கலாம் என்பது தெரியும்? கொழுந்து பறிப்பவரின் பிள்ளை அதே தேயிலையின் தரத்தைத் தீர்மானிக்கும் இடத்துக்குச் செல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

“இலேசான பாடம்” என்ற எண்ணத்தையும் இங்கே பேசியாக வேண்டும். பல்கலைக்கழகத் தெரிவுக்கு அடிப்படையான இசட் புள்ளி என்பது நீங்கள் பெற்ற புள்ளி, அந்தப் பாடத்துக்குத் தோற்றிய அனைவரின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை, எல்லோரின் புள்ளிகளும் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதைக் காட்டும் நியம விலகலால் வகுத்துப் பெறுவது. எல்லோரும் அதிக புள்ளி எடுக்கும் பாடத்தில் நீங்களும் அதிக புள்ளி எடுத்தால் இசட் புள்ளி பெரிதாக உயராது. ஆகவே ஊரார் இலேசு என்று சொல்லும் பாடத்தைவிட, நீங்கள் மற்றவர்களை மிஞ்சக்கூடிய பாடமே உங்களுக்கு உதவும்.

மலையகத்தில் உயர்தரம் உள்ள பல பாடசாலைகளில் கலைப்பிரிவு மட்டுமே இருக்கிறது என்பது உண்மை. அது மாணவரின் குற்றமன்று. கலையைத் தெரிபவர்களும், அக்காமார் எடுத்த அதே மூன்று பாடங்களைப் பழக்கத்தால் எடுக்காமல், புவியியல், பொருளியல், அளவையியல், சிங்களம் ஆகியவற்றுள் ஒன்றையேனும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரிக்குச் செல்ல விரும்புவோருக்கும் இது பொருந்தும். அங்கே எந்தத் துறையில் ஆசிரியப் பயிற்சி பெறலாம் என்பது உயர்தரப் பாடங்களைப் பொறுத்ததே. விஞ்ஞானப் பாடத்துக்காக வெளியூர்ப் பாடசாலைக்கு மாற நினைப்பவர்கள் மாவட்ட ஒதுக்கீட்டையும் கவனிக்க வேண்டும். அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் வழங்கப்பட, எஞ்சிய 5 வீதம் நுவரெலியா, பதுளை உள்ளிட்ட பின்தங்கிய மாவட்டங்களுக்கு உரியது. கண்டிக்கு அது இல்லை. இறுதி ஆண்டுகளில் எங்கே படித்தீர்கள் என்பது இதைப் பாதிக்கலாம் என்பதால், விலகல் பத்திரம் பெறுவதற்கு முன் கைநூலில் அப்பகுதியை வாசியுங்கள்.

ஆங்கிலத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம், விவசாயம் யாவும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றன. சாதாரண தரப் பரீட்சைக்கும் உயர்தர வகுப்புக்கும் இடைப்பட்ட மாதங்களை ஆங்கிலத்துக்கே ஒதுக்குங்கள்.

இறுதியாக, உயர்தரப் பெறுபேறு வந்தபின் நிரப்பும் விண்ணப்பத்தைப் பற்றி. கற்கைநெறிகளை விருப்ப வரிசையில் எழுதும்போது, கிடைக்காது என்ற பயத்தில் விரும்பியதைக் கீழே தள்ளுகின்ற பிள்ளைகள் ஏராளம். தெரிவு மேலிருந்து கீழாகவே நடைபெறும். முதலாவது கிடைக்காவிட்டால் இரண்டாவது பார்க்கப்படும், அதனால் இரண்டாவதுக்குரிய வாய்ப்பு குறையாது. உண்மையில் விரும்புவதையே முதலாவதாக எழுதி, கீழே இடம் விடாமல் தகுதியுள்ள ஏனைய கற்கைநெறிகளையும் நிரப்பிவிடுங்கள்.