லா வீட்டா கணவாய்: சமவெளிக்காரனின் திட்டம், இதுவரை

ஊர் தஞ்சாவூர்ப் பக்கம், பறக்கக் கற்றது ஹூஸ்டனில். இரண்டுமே தோசைக்கல் மாதிரி தட்டை. எங்கள் ஓடுதளம் கடல்மட்டத்திலிருந்து நூறடிகூடக் கிடையாது. இந்த லட்சணத்தில் கொலராடோவின் கிரேட் சாண்ட் டியூன்ஸ் மணல்மேடுகளை மேலிருந்து பார்க்கும் ஆசை வேறு. கிளப்பில் இருப்பது பழைய செஸ்னா 172என் என்ற சின்ன விமானம், 160 குதிரைசக்தி. நான்கு மாதமாகத் திட்டம் போடுகிறேன், இன்னும் கிளம்பவில்லை.

முதல் திட்டம் என்பது ஹூஸ்டனிலிருந்து மணல்மேடுகளுக்குப் பக்கத்து ஊரான அலமோசாவுக்கு ஐபேடில் விரலால் இழுத்த ஒரு நேர்க்கோடு. அது சாங்ரே டி கிறிஸ்டோ மலைத்தொடரின் மேலே ஏறிப் போகிறது, பக்கத்தில் 14,000 அடி தாண்டிய குலேப்ரா சிகரம். இந்த விமானம் புதிதாக இருந்தபோதே புத்தகப்படி ஏறக்கூடிய உச்சம் 14,200 அடிதான். கோட்டை அழித்தேன்.

இப்போதைய பாதை: அபிலீனில் பெட்ரோல், அப்புறம் லபக், சான்டா ஃபேயில் இரவு. மறுநாள் காலை ரியோ கிராண்டே ஆற்றைப் பிடித்துக்கொண்டு வடக்கே அலமோசா. மலையைத் தாண்டுவது திரும்பும்போதுதான், அதுவும் 160ஆம் நெடுஞ்சாலையோடு லா வீட்டா கணவாய் வழியாக. கணவாய் 9,413 அடி. கிழக்கே போகும்போது 11,500இல் பறக்கலாம், முகட்டுக்கு மேல் 2,000 அடி இடைவெளி வந்துவிடுகிறது, விமானி ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும் விதி தொடங்கும் 12,500க்கும் கீழே. கணக்கு இப்படிப் பொருந்தியதும் அன்று கொஞ்சம் ஆடிவிட்டேன், உண்மை.

ஆட்டம் அடங்கியது வெப்பநிலையைச் சேர்த்தபோது. அலமோசா ஓடுதளமே 7,539 அடி. அந்த உயரத்துக்கு இயல்பான வெப்பம் கிட்டத்தட்ட பூஜ்ஜியம் டிகிரி, அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 120 அடி கூட்ட வேண்டும். சூட்டில் காற்று மெலிந்துவிடுகிறது; மதியம் 28 டிகிரி என்றால், தரையில் நிற்கும்போதே விமானத்துக்கு 10,900 அடியில் இருப்பதாக நினைப்பு. காலை 10 டிகிரியில் அதுவே 8,700தான். ஆக, விடிந்ததும் கிளம்பு, இல்லையென்றால் அன்றைக்குக் கிளம்பாதே.

போன மாதம் ஹூஸ்டனுக்கு மேற்கே 10,500 வரை ஏறிப் பார்த்தேன். கடைசியில் நிமிடத்துக்கு 250 அடிகூட ஏறவில்லை, முள் சும்மா நடுங்கிக்கொண்டிருந்தது. மலையில் கீழிழுக்கும் காற்று நிமிடத்துக்கு 1,000 அடிக்கு மேலும் தள்ளும். இரண்டையும் கழித்துப் பாருங்கள். அதனால்தான் முகட்டை நேராகப் போய் முட்டாமல் 45 டிகிரி சாய்வாக நெருங்கு என்கிறார்கள், சரிப்படவில்லை என்றால் சின்னத் திருப்பத்தில் தாழ்நிலத்துக்கு வந்துவிடலாம். பள்ளத்தாக்கிலும் நடுவில் போகாமல் ஒரு ஓரமாகப் போகவேண்டும், திரும்ப முழு அகலமும் கிடைக்கும். சமவெளியில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பிப் பழகிய எனக்கு இந்த யோசனையே வந்ததில்லை.

கை பழக்கமும் மாற வேண்டியிருக்கிறது. டேக் ஆஃப் என்றால் பெட்ரோல்-காற்றுக் கலவைக்கான சிவப்புக் குமிழை முழுக்க உள்ளே தள்ளுவதுதான் ஹூஸ்டன் வழக்கம் (மிக்ஸ்சர் என்பார்கள், எனக்கு இன்றுவரை டீக்கடைதான் ஞாபகம் வரும்). அலமோசாவில் அப்படிச் செய்தால் காற்று குறைவு, பெட்ரோல் அதிகம், இன்ஜின் மூச்சுத் திணறும். ஓடுதள முனையில் நின்று வேகமாகச் சுழலவிட்டு, பெட்ரோலைக் குறைத்துச் சரிசெய்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். தரையிறங்கும்போது இன்னொரு ஏமாற்று: வேக மீட்டரில் அதே 60 நாட் (மணிக்குக் கடல்மைல்) காட்டும், ஆனால் காற்று மெலிதென்பதால் நிலம் வேகமாக ஓடும். பயந்து வேகத்தைக் குறைத்தால் ஸ்டால், அதாவது இறக்கை தாங்கும் சக்தியை இழந்துவிடும். இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டால் போதாது என்று சான்டா ஃபேயில் உள்ளூர்ப் பயிற்றுநர் ஒருவரோடு அரை நாள் பயிற்சி கேட்டிருக்கிறேன்.

முகட்டில் காற்று 25 நாட் தாண்டினால் போவதில்லை. கணவாயிலேயே தானியங்கி வானிலை நிலையம் இருக்கிறது, அது சொல்வதே முடிவு. இதற்காக இரண்டு உபரி நாட்கள் வைத்திருக்கிறேன். மனைவிக்கு இதுதான் பிடித்த பகுதி.

மிச்சம் இருப்பது எடை. அதிகபட்சம் 2,300 பவுண்டு, அதில் 10 சதவீதம் குறைத்தே ஏற்றப்போகிறேன். வெற்று விமானமும் முக்கால் தொட்டி பெட்ரோலும் போக 440. நானும் நண்பனும் சேர்ந்து 395. பாக்கி 45 பவுண்டில் கூடாரமா, அடுப்பா, அவனுடைய கேமரா மூட்டையா என்று வாட்ஸ்அப்பில் சண்டை ஓடுகிறது.