"இருக்கலாம்"னு சொல்லிட்டேன்

டயட் ஆலோசனைக்கு வந்து, பையன் குண்டாகுறதுக்கு ஏரியா புகையும் காரணமான்னு கேட்ட அம்மாகிட்ட "இருக்கலாம்"னு சொன்னது தப்பில்லன்னு தான் இப்பவும் நினைக்கிறேன். ஆனா லஞ்ச்ல சீனியர் டாக்டர் கேட்டதுக்கு மட்டும் இன்னும் பதில் சிக்கல.

வடசென்னையில பெட்ரோல் சுத்திகரிக்கிற ஆலையெல்லாம் இருக்குற மணலி ஏரியாலருந்து வந்திருந்தாங்க, பையனுக்கு 8 வயசு. நேத்து என்னென்ன சாப்பிட்டான்னு வழக்கம்போல கேட்டு எழுதிட்டு இருந்தேன். இட்லி, ஸ்கூல்ல மதிய சாப்பாடு, சாயங்காலம் டீயும் பன்னும், கூடவே பத்து ரூபா சிப்ஸ் பாக்கெட் ரெண்டு. திடீர்னு, "ஏன் மேடம், எங்க ஏரியா புகைக்கும் இவன் இப்படி ஊதுறதுக்கும் சம்பந்தம் இருக்குமா?"ன்னாங்க.

இல்லன்னு எப்படி சொல்றது? நியூயார்க்ல கொலம்பியா யுனிவர்சிட்டிகாரங்க கர்ப்பமா இருந்த பொண்ணுங்க முதுகுல காத்து அளக்குற மெஷினை மாட்டிவிட்டு, அப்புறம் அவங்க பிள்ளைங்களையும் வருஷக்கணக்கா ஃபாலோ பண்ணாங்க. டீசல், எண்ணெய், கரி எரியும்போது வர்ற பிஏஹெச்னு ஒரு வகை கெமிக்கலை ரொம்ப சுவாசிச்ச அம்மாக்களோட பசங்களுக்கு 7 வயசுல ஒபிசிட்டி வாய்ப்பு 2 மடங்குக்கும் மேலன்னு 2012ல ரிசல்ட் வந்துச்சு. சரி, அது தொடர்பு தான், காரணம்னு நிரூபணம் ஆகல, மணலில எடுத்த அளவும் இல்ல. அதனால தான் "ஆமா"ன்னு சொல்லாம "இருக்கலாம்"னேன்.

"காத்து தான் காரணம்னு நீயே சொல்லி அனுப்பிட்ட, இனி அவங்க எதுக்கும்மா சிப்ஸை நிறுத்தப் போறாங்க?" இது சீனியர். நியாயமான கேள்வி தான். ஆனா இந்த அம்மாக்கள் எல்லாரும் மாமியார்லருந்து ஸ்கூல் மிஸ் வரைக்கும் "நீ தான் குடுத்துக் குடுத்து கெடுத்துட்ட"ன்னு கேட்டு கேட்டு நொந்து போய் தான் நம்ம முன்னாடி வந்து உக்கார்றாங்க, நானும் அதையே தான் சொல்லணுமா? ஒருவேளை அவங்களுக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொல்லிட்டு இப்போ ஆராய்ச்சியை துணைக்கு கூப்பிடுறேனோ, தெரியல.

எங்க ரெண்டு பேர் வாதத்தையும் விட அவங்க கிளம்புறப்போ சொன்னது தான் மண்டைக்குள்ள ஓடுது. டயட் சார்ட்ல "தினமும் ஒரு மணி நேரம் வெளியில் விளையாட்டு"ன்னு பிரிண்ட்லயே இருக்கும். அதைப் படிச்சிட்டு, "சாயங்காலம் ஆனா கேஸ் நாத்தம் குடலைப் பெரட்டும் மேடம், ஜன்னலை சாத்திட்டு டிவி போட்டுடுவேன், சும்மா உக்காருவானா, அதான் சிப்ஸு"ன்னாங்க. அப்போ சிப்ஸை எந்தக் கணக்குல சேக்குறது, அவங்க கணக்குலயா புகை கணக்குலயா?

அந்த வரியை அடிச்சிட்டு "வீட்டுக்குள்ளயே ஸ்கிப்பிங்"னு எழுதிக் குடுத்தேன். மாடி வீடாம், கீழ் வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்துடுவாங்களாம்.