ஃபார் ஆல் என்ட்ரீஸ் எழுதுவதற்கு முன்

சாப் (SAP) என்ற நிறுவன மென்பொருளில் அபாப் (ABAP) மொழியில் நிரல் எழுதுகிற பலரும் ஒருமுறையாவது இதில் மாட்டியிருப்பார்கள், நானும் மாட்டினேன். ஒரு பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் பொருந்துகிறதை டேட்டாபேஸிலிருந்து எடுக்க, செலெக்டில் எழுதுவதுதான் ஃபார் ஆல் என்ட்ரீஸ் (FOR ALL ENTRIES). அதற்குக் கொடுக்கும் இன்டர்னல் டேபிள், அதாவது நிரலின் நினைவகத்தில் இருக்கும் அந்தப் பட்டியல், காலியாக இருந்தால் ஒரு வரியும் வராது என்றுதான் நினைத்திருந்தேன். நடப்பதோ நேர் எதிர், வேர் (WHERE) கண்டிஷனில் எழுதிய மற்ற வடிகட்டல்களும் சேர்ந்தே காணாமல் போய், அத்தனை வரிகளும் வந்து குவியும். கணக்கு ஆவணங்களின் வரிகள் இருக்கும் பிஎஸ்இஜி (BSEG) மாதிரி பெரிய டேபிள் என்றால் கேட்கவே வேண்டாம். டெஸ்ட் சிஸ்டத்தில் டேட்டா குறைவு, அதனால் கண்ணில் படாது. செலெக்டுக்கு முன்னால் காலியா என்று ஒரு இஃப் போட்டுவிடுங்கள், சரியா?

அப்புறம் இன்னொன்று. முடிவில் ஒரே மாதிரி வரிகள் இருந்தால் ஃபார் ஆல் என்ட்ரீஸ் சத்தமில்லாமல் ஒன்றாக்கிவிடும். தொகையை மட்டும் எடுத்துக் கூட்டினால் கணக்கு உதைக்கும்; பிஎஸ்இஜியில் என்றால் கம்பெனி கோட், ஆவண எண், நிதியாண்டு, வரி எண் என்று, ஒரு வரியைத் தனித்துக் காட்டும் முழு கீயையும் சேர்த்தே எடுங்கள். ஜாயின் (டேபிள்களை ஒரே செலெக்டில் இணைப்பது) போட முடிகிற இடத்தில் நான் இப்போது இதைத் தொடுவதே இல்லை.