'தி கிரேட் ட்ரெயின் ராபரி' (1903): வேகத்த சரி பண்ணிட்டேன், இப்ப கலர்

மூணு வாரமா ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் இதேதான் வேலை. எட்வின் எஸ். போர்ட்டர் எடிசன் கம்பெனிக்காக எடுத்த படம், மொத்தம் 14 ஷாட். வெஸ்டர்ன்னு (அமெரிக்காவோட மேற்குப் பக்கத்து கௌபாய் கதை) பேரு, ஆனா வெளிப்புறக் காட்சியெல்லாம் கிழக்குல இருக்குற நியூ ஜெர்சி பக்கம் எடுத்தது. காப்பிரைட் எப்பவோ முடிஞ்சிருச்சு, அதனால தைரியமா கை வைக்கலாம்.

முதல்ல வேகம். என்கிட்ட இருந்த காப்பி செகண்டுக்கு 24 ஃப்ரேம்ல ஓடுச்சு, எல்லாரும் ஓட்டமும் நடையுமா போறாங்க. எடிசன் கேட்டலாக்ல படத்தோட நீளம் 740 அடி, 35 எம்எம் ஃபிலிம்ல அடிக்கு 16 ஃப்ரேம், அப்போ 11,840 ஃப்ரேம், அத 24ல ஓட்டினா 8 நிமிஷம் சொச்சத்துல முடிஞ்சிரும், 16ல ஓட்டினா 12 நிமிஷம் 20 செகண்ட். நான் 16க்கு போனேன். ஆனா எடிட்டிங் சாஃப்ட்வேர்ல செகண்டுக்கு 24 ஃப்ரேம் டைம்லைன்லயே வச்சதால ஒரு ஃப்ரேம் விட்டு ஒரு ஃப்ரேம் ரெண்டு தடவ வந்து நடை திக்குச்சு, ஃப்ரேம் பிளெண்டிங் (பக்கத்துப் பக்கத்து ஃப்ரேம ஒண்ணா கலக்குறது) போட்டா ஆளுக்குப் பின்னாடி ஆவி மாதிரி இன்னொரு ஆளு. கடைசில 48ல எக்ஸ்போர்ட் பண்ணேன், ஒவ்வொரு ஃப்ரேமும் சரியா மூணு தடவ, திக்கல் போயிருச்சு.

அப்புறம் அந்த இன்ஜின் சண்டைய பார்த்தேன் பாருங்க, மனசு கனத்துப் போச்சு. ஓடுற ரயில் மேல ஒருத்தன கீழ தள்ளி நிலக்கரிக் கட்டியால அடிக்கிறான், 24ல அது தமாஷு, 16ல கொலை. நடுவுல ஆளுக்குப் பதிலா பொம்மைய மாத்தி வெளிய வீசுற இடம்கூட இப்ப நல்லா தெரியுது, ஆனாலும் பதறுது.

கலர் போடுற ஆசை எப்படி வந்துச்சுன்னா, அந்தக் காலத்துலயே சில பிரிண்டுக்கு கையால கலர் போட்டிருக்காங்க, துப்பாக்கிப் புகை, டான்ஸ் ஆடுற பொண்ணுங்க டிரெஸ்னு. தபால்தலை சைஸ்ல இருக்குற படத்துல பிரஷ் வச்சு! நான் ரயிலோட தபால் கோச்சுல பணப்பெட்டிய வெடி வச்சு உடைக்கிற இடத்துல ஆரம்பிச்சேன். மொத தடவ ஆரஞ்ச அப்படியே மேல பூசினேன், ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி இருந்துச்சு. கலர் லேயர மல்டிப்ளைக்கு (கீழ இருக்குற படத்தோட கலரப் பெருக்கிக் கலக்குற முறை) மாத்தினதும் வெள்ளைப் புகை மட்டும் கலர் வாங்கிக்குச்சு, கறுப்பு கறுப்பாவே நின்னுச்சு. ஒரு ஃப்ரேம்ல போட்டத அடுத்ததுல காப்பி பேஸ்ட் பண்ணிப் பார்த்தேன், புகை நகருது கலர் நகரல, வேலைக்கு ஆகல. ஒவ்வொண்ணா கையால போட்டா ஓரம் லேசா ஆடுது, அந்த ஆட்டம்தான் அழகு, அத சரி பண்ணக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

ஒரு ராத்திரிக்கு 20 ஃப்ரேம் முடியுது, படத்துல அது ஒண்ணேகால் செகண்ட். வெடி முடிஞ்சது. அடுத்து டான்ஸ் ஹால், மஞ்சள் பாவாடைலேர்ந்து.