கனம்பண்ணுகிறதிலே முந்துதல்: லெந்து கால நாட்குறிப்பு

மார்ச் 2, ஞாயிறு

ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, ஆறு ஆண்டுகளாக எங்கள் சபையில் இருக்கும் வேற்றினச் சகோதரர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, மிகுந்த தயக்கத்தோடு ஒன்றைச் சொன்னார். "ஐயா, எனக்கு வேலை போனபோதும் என் மகள் நோயுற்றிருந்தபோதும் வீடு தேடி வந்து ஜெபித்தீர்கள், அதை நான் மறக்கமாட்டேன். ஆனால் இத்தனை ஆண்டுகளில் ஒரு நாளாவது, உங்களுக்காக ஜெபிக்கும்படி நீங்கள் என்னிடம் கேட்டதில்லை."

அவர் குரலில் கோபம் இல்லை. அவர் போன பிறகு வெறுமையான இருக்கைகளுக்கு நடுவே நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவரை நான் நேசித்தேன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மதித்தேனா என்பதில்தான் சந்தேகம் வந்துவிட்டது.

மார்ச் 5, சாம்பல் புதன்

அப்போஸ்தலர் நடபடிகள் பத்தாம் அதிகாரத்தை இன்று மெதுவாக வாசித்தேன். செசரியாவில் இருந்த கொர்நேலியு, இத்தாலியா பட்டாளத்து நூற்றுக்கு அதிபதி; யூதனல்லாத புறஜாதியான். அவன் பேதுருவின் காலில் விழுந்தபோது அவர் அவனைத் தூக்கியெடுத்து, "எழுந்திரும், நானும் ஒரு மனுஷன்தான்" என்கிறார். இந்த வசனத்தைப் பேதுருவின் தாழ்மைக்குச் சான்றாகவே இதுவரை பிரசங்கித்து வந்திருக்கிறேன். ஆனால் அன்று எழுந்து நின்றவன் கொர்நேலியு. இருவர் கண்களும் ஒரே மட்டத்துக்கு வந்த பிறகுதான் பேச்சே தொடங்குகிறது.

எருசலேமுக்குத் திரும்பியபோது அங்கிருந்த யூத விசுவாசிகள் பேதுருவின் மேல் சொன்ன குறை இன்னும் ஆழமானது. புறஜாதியாருக்கு ஏன் பிரசங்கித்தீர் என்று அவர்கள் கேட்கவில்லை. அவர்களிடத்தில் போய் அவர்களோடே ஏன் போஜனம்பண்ணினீர் என்றே கேட்டார்கள். கொடுக்கப் போனவர் புறஜாதியார் வீட்டில் சில நாள் தங்கி அவர்கள் கையிலிருந்து வாங்கிக்கொண்டவராகவும் திரும்பி வந்ததே குறை சொன்னவர்களை உறுத்தியது.

அதே பேதுரு பின்னாளில் அந்தியோகியாவில், எருசலேம் சபைத் தலைவரான யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்ததும், புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு விலகிக்கொண்டார். பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்தார் என்று கலாத்தியர் நிருபம் ஒளிக்காமல் சொல்கிறது. எந்த மனுஷனையும் தீட்டென்று எண்ணாதே என்று தரிசனத்தில் கற்றவரே தடுமாறியிருக்கிறார். இது எனக்கு ஆறுதலா, எச்சரிக்கையா என்று இன்னும் தெரியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

பிறரிடமிருந்து பெற்றுக்கொள்வதே மதிப்பின் அடையாளம் என்று புதன்கிழமை முதல் எண்ணிக்கொண்டிருந்தேன். அமெரிக்காவின் பிலடெல்பியா நகர வரலாறு அதைத் திருத்துகிறது. 1793-ஆம் ஆண்டு அந்நகரில் மஞ்சள் காய்ச்சல் பரவி ஏறத்தாழ 5,000 பேர் மாண்டார்கள். கறுப்பின மக்களை அந்நோய் தொற்றாது என்று மருத்துவர்கள் தவறாக நம்பினார்கள். கறுப்பினச் சபைத் தலைவர்களான அப்சலோம் ஜோன்ஸும் ரிச்சர்டு ஆலனும் முன்னின்று அம்மக்களைத் திரட்ட, அவர்கள் வெள்ளையர் வீடுகளுக்குள் புகுந்து நோயாளிகளைப் பேணினார்கள், இறந்தோரை அடக்கம்பண்ணினார்கள், தாங்களும் பலராக மாண்டார்கள். காய்ச்சல் ஓய்ந்த பிறகு, நோயைச் சாக்கிட்டுப் பணம் பறித்தார்கள் என்ற பழி அவர்கள்மேலேயே வந்து, இருவரும் 1794-இல் அதற்கு மறுப்பு எழுதி அச்சிட வேண்டியதாயிற்று. அதே நகரத்து மெதடிஸ்டு ஆலயம் ஒன்றில், முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்த ஜோன்ஸை, ஜெபம் முடியும்வரைகூடப் பொறுக்காமல், இந்த இடம் உனக்கல்ல என்று பிடித்து எழுப்பியிருக்கிறார்கள்.

அவர்களுடைய உழைப்பை அந்த நகரம் வாங்கிக்கொண்டது. அவர்களுடைய ஜெபத்துக்கு அந்த ஆலயத்தில் இடமில்லை. ஆகவே எதைப் பெற்றுக்கொள்கிறோம் என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்விதான். அந்தச் சகோதரரின் உழைப்பை எங்கள் சபையும் தாராளமாக வாங்கியிருக்கிறது: நாற்காலி அடுக்க, ஒலிபெருக்கி கட்ட, கதவு பூட்ட. அவர் வேதம் வாசித்துக் கேட்டது எத்தனை முறை என்று எண்ணிப் பார்த்தேன். இரண்டு முறை.

மார்ச் 13, வியாழன்

தென்னாப்பிரிக்காவின் டச்சு சீர்திருத்தத் திருச்சபை 1857-இல், சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு, இனவாரியாகத் தனித்தனியே கூடி ஆராதிக்க இடங்கொடுத்தது. சலுகையாக நுழைந்தது வழக்கமாகி, வழக்கம் பிற்காலத்தில் கோட்பாடாகவே நிலைத்தது. அப்படிப் பிரித்து வைக்கப்பட்ட கலப்பின மக்களின் சபை 1982-இல் பெல்ஹார் விசுவாச அறிக்கையை வரைந்து, இப்பிரிவினை சுவிசேஷத்துக்கே விரோதமானது என்று அறிவிக்கும்வரை 125 ஆண்டுகள் கடந்திருந்தன. பலவீனம் என்ற சொல் எத்தனை மென்மையாக ஒலிக்கிறது! அந்த மென்மைக்குத்தான் நான் அஞ்சுகிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

இன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். மூன்று ஆண்டுகளாக என் அண்ணனோடு எனக்குப் பேச்சு இல்லை என்பதையும், அது என் ஜெபத்தையே உலர்த்திவிட்டது என்பதையும் சொல்லி, எனக்காக ஜெபிக்கும்படி கேட்டுக்கொண்டேன். அவர் உடனே கண்களை மூடவில்லை. சண்டை எதனால் வந்தது, கடைசியாகப் பேசியது யார், தொலைபேசியை எடுக்காமல் விட்டது யார் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். பிறகு, "ஐயா, ஜெபிக்கிறேன். ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்டால், தவறு உங்கள் பக்கம் அதிகம். காணிக்கையை வைத்துவிட்டு முதலாவது சகோதரனிடம் போ என்றுதானே ஆண்டவர் சொன்னார்?" என்றார்.

எனக்குள் சுருக்கென்று ஒரு சினம் எழுந்தது. இதையே எங்கள் சபை மூப்பர் சொல்லியிருந்தால் தலைகுனிந்து கேட்டிருப்பேன். இவர் சொன்னபோது, இதைச் சொல்ல இவர் யார் என்ற எண்ணம் வந்துவிட்டது. அது ஒரு கணம்தான் நின்றது, ஆனாலும் நான் அதைக் கண்டுகொண்டேன். இரண்டு வாரமாக வசனங்களில் தேடிக்கொண்டிருந்தது அங்கே, என் நெஞ்சுக்குள்ளேயே இருந்தது. அதையும் அவரிடம் அறிக்கையிட்டேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, முதலில் எனக்குத் தெரிந்த மொழியிலும், பின்பு தம்முடைய தாய்மொழியிலும் ஜெபித்தார்.

மார்ச் 18, செவ்வாய்

அண்ணனோடு பேசினேன். பேச்சு நீளவில்லை, ஆனால் வருகிற மாதம் வீட்டுக்கு வா என்றார். அதை முதலில் அந்தச் சகோதரருக்குத்தான் தெரிவித்தேன்.