கிறிஸ்தியல் தாள் எழுதப் போகிறவர்களுக்கு

இறையியல் படிப்பில் பயமுறுத்துகிற தாள் எது என்று பி.டி. (இறையியல் இளங்கலை) மாணவர்களைக் கேட்டால் எபிரெயம் என்பார்கள், கிரேக்கம் என்பார்கள். என்னைக் கேட்டால் கிறிஸ்தியல்தான், அதாவது இயேசு கிறிஸ்து யார் என்று ஆராய்கிற பாடம். மொழிப் பாடத்தில் தெரியாதது எது என்று நமக்கே தெரிந்துவிடும், உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம். கிறிஸ்தியலில் ஞாயிறு பள்ளிக் காலத்திலிருந்தே எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். இயேசு முழுமையாகத் தேவன், முழுமையாக மனிதன் என்று முதல் வரி எழுதியாகிவிடும், அடுத்து என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனா நிற்கும். தமிழ் வழியில் இந்தத் தாளை எழுதித் தேறினவன் என்ற முறையில், எனக்கு உண்மையிலேயே கைகொடுத்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இயேசு மேசியாவா என்பது ஒரு கேள்வி, இயேசு தேவனா என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் பாதிப் பேர் மதிப்பெண்ணை விடுகிறார்கள். பேதுரு "நீர் கிறிஸ்து" என்று சொன்னதை எடுத்து எழுதிவிட்டு, ஆகவே இயேசுவின் தெய்வீகம் நிரூபணமாகிறது என்று முடித்துவிடுவார்கள். அப்படி முடியாது. மேசியா என்றால் அபிஷேகம் பண்ணப்பட்டவர். பழைய ஏற்பாட்டில் ராஜாவுக்கு அபிஷேகம் உண்டு, ஆசாரியனுக்கும் உண்டு. இயேசுவின் காலத்து யூதர்கள் எல்லாரும் ஒரே மாதிரியான மேசியாவை எதிர்பார்க்கவும் இல்லை. தாவீதின் வம்சத்தில் ஒரு ராஜா வருவார் என்று பலர் நம்பினார்கள், சாக்கடல் அருகே கும்ரானில் கிடைத்த பழைய யூதச் சுருள்களை எழுதியவர்களோ ஆரோனின் மேசியா, இஸ்ரவேலின் மேசியா என்று இரண்டு பேரைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்த எதிர்பார்ப்புகளில் வருகிறவர் தேவனாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது ஏசாயா 45ஆம் அதிகாரம். அதன் முதல் வசனத்தில் "அபிஷேகம்பண்ணின" என்று கர்த்தர் சொல்வது யாரைத் தெரியுமா? பாரசீக ராஜா கோரேசை. இஸ்ரவேலன்கூட இல்லாத ஒருவர், கர்த்தரை அறியாதவர் என்று அதே அதிகாரமே சொல்கிறது, அவருக்கு மேசியா என்ற பட்டம் கிடைக்கிறது. இனி அதே அதிகாரத்தின் 23ஆம் வசனத்துக்கு வாருங்கள். "முழங்கால் யாவும் எனக்கு முன்பாக முடங்கும்" என்று கர்த்தர் தம்மைக் குறித்து மட்டுமே சொல்லிக்கொள்கிறார், வேறு தேவன் இல்லை என்று அடித்துச் சொல்கிற இடம் அது. பவுல் பிலிப்பியர் 2இல் இயேசுவின் நாமத்தில் முழங்கால் யாவும் முடங்கும் என்று எழுதும்போது எடுத்தாள்வது இந்த வசனத்தைத்தான். ஒரே கர்த்தருக்கு மட்டும் உரியது என்று ஒரு யூதர் தினமும் அறிக்கையிட்ட கனத்தை, சிலுவையில் அறையப்பட்ட ஒருவருக்குக் கொடுக்கிறார், அதுவும் யூதராக இருந்துகொண்டே. மேசியா என்ற பட்டத்தைவிட இந்த இடம்தான் தெய்வீகத்தைப் பற்றிய வாதத்துக்கு வலு. கூடவே 1 கொரிந்தியர் 8:6ஐயும் வையுங்கள். உபாகமம் 6:4இல் உள்ள "ஒருவரே கர்த்தர்" என்ற அறிக்கையைப் பவுல் அங்கே எடுத்து, ஒரே தேவன் பிதா, ஒரே கர்த்தர் இயேசுகிறிஸ்து என்று விரிக்கிறார். இந்த மூன்று இடங்களை நிதானமாக விளக்கினாலே புதிய ஏற்பாட்டுப் பகுதிக்கான பதில் நிமிர்ந்து நின்றுவிடும். இருபது வசனங்களை விளக்கமில்லாமல் அடுக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

அடுத்தது சபை வரலாறு. இங்கேதான் மனப்பாடம் ஆளைக் கவிழ்க்கும். ஆரியுஸ், அப்பொலினாரியுஸ், நெஸ்தோரியுஸ், யூத்திகேஸ் என்று பெயர்களை வரிசையாகப் போட்டு, எதிரே இவர் கொள்கை தவறு, இந்தச் சங்கம் (பேராயர்கள் கூடிய சபை மாநாடு) கண்டித்தது என்று அட்டவணை மாதிரி எழுதுவார்கள். விடுதியில் எங்களுக்கு மூத்த மாணவர் ஒருவர் இருந்தார், இரவு தேநீருக்குப் பிறகு எங்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்பார். ஆரியுஸைப் பற்றி நான் ஆரம்பித்ததுமே, "தம்பி, அவரத் திட்டுறது அப்புறம் இருக்கட்டும், மொதல்ல அவர் எதக் காப்பாத்தப் பாத்தாருன்னு சொல்லு" என்றார். அந்த ஒரு கேள்வியை வைத்தே முழுப் பாடத்தையும் படிக்கலாம். இவர் எதைக் காப்பாற்றப் பார்த்தார்? அதைக் காப்பாற்றப் போய் எதை இழந்தார்? அந்த இழப்பு நம்முடைய இரட்சிப்பை எப்படிப் பாதிக்கும்? ஒவ்வொரு பெயருக்கும் இதைக் கேட்டுப் பாருங்கள்.

அலெக்சந்திரியாவில் மூப்பராக இருந்த ஆரியுஸ் காப்பாற்ற நினைத்தது தேவனின் ஒருமையை. பிதா ஒருவரே ஆதியில்லாதவர், ஆகவே குமாரன் எவ்வளவு உயர்ந்தவரானாலும் உண்டாக்கப்பட்டவர்தான், அவர் இல்லாதிருந்த நிலை ஒன்று உண்டு என்றார். வசனம் இல்லாமல் பேசவில்லை அவர். "சர்வ சிருஷ்டிக்கும் முந்தின பேறுமானவர்" என்ற கொலோசெயர் 1:15, "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" என்ற யோவான் 14:28, நீதிமொழிகள் 8ஆம் அதிகாரம், எல்லாம் அந்தத் தரப்பின் கையில் இருந்தன. இதை மறைக்காமல் எழுதுங்கள். 325இல் கான்ஸ்டன்டைன் பேரரசர் கூட்டிய நிசேயா சங்கம் ஏன் வேதத்தில் இல்லாத ஒரு சொற்றொடரை விசுவாசப் பிரமாணத்தில் சேர்க்க நேர்ந்தது என்பது அப்போதுதான் விளங்கும். வேத வசனம் எதைச் சொன்னாலும் ஆரியுஸின் தரப்பு அதைத் தன் வழியில் ஏற்றுக்கொள்ள முடிந்தது, "பிதாவோடே ஒரே தன்மையுடையவர்" என்பதை மட்டும் அவர்களால் ஏற்க முடியவில்லை.

அந்தச் சங்கத்துக்கு இளம் உதவிக்குருவாக வந்தவர் அத்தனாசியுஸ், பிற்பாடு அலெக்சந்திரியாவின் பேராயர் ஆனவர், ஐந்து முறை நாடுகடத்தப்பட்டவர். அவருடைய வாதத்தை மட்டும் கட்டாயம் உங்கள் சொந்த வார்த்தையில் எழுதிப் பழகுங்கள். உண்டாக்கப்பட்ட ஒருவர் உண்டாக்கப்பட்ட நம்மைத் தேவனோடு இணைக்க முடியாது, தேவனே வந்தால்தான் முடியும். சபை இயேசுவை ஆராதிக்கிறது, அவர் சிருஷ்டி என்றால் அது விக்கிரக ஆராதனை ஆகிவிடும். இவ்வளவுதான், ஆனால் இதற்குள் எல்லாம் இருக்கிறது. இயேசு யார் என்ற கேள்வியை அவர் என்ன செய்தார் என்ற கேள்வியிலிருந்து பிரிக்க முடியாது என்று காட்டுகிற இடம் இது. திருத்துகிறவர் தேடுவதும் இதைத்தான் என்று நான் நம்புகிறேன்.

அப்பொலினாரியுஸுக்கும் இதே அளவுகோல்தான். நிசேயாவை ஆதரித்தவர், கிறிஸ்துவின் தெய்வீகத்தைக் காக்கும் ஆர்வத்தில் இயேசுவுக்கு மனித மனம் இல்லை, அந்த இடத்தில் வார்த்தையானவரே, அதாவது தேவகுமாரனே, இருந்தார் என்றார். அதே காலத்து இறையியலாளர் நாசியான்சின் கிரகோரி கொடுத்த பதில், அவர் எதை ஏற்றுக்கொள்ளவில்லையோ அது குணமாக்கப்படவில்லை என்பது. நம் மனம்தானே முதலில் விழுந்தது, அதை அவர் எடுக்காமல் விட்டால் நமக்கு என்ன மீட்பு? தேர்வு அறையில் இந்த வரியை எழுதும்போது எனக்கு உண்மையாகவே கண் கலங்கியது, படித்தது எல்லாம் விசுவாசமாக மாறின இடம் என்று அதைச் சொல்வேன். 381இல் கான்ஸ்டான்டினோபிள் சங்கம் அப்பொலினாரியுஸின் போதனையைத் தள்ளியது.

கான்ஸ்டான்டினோபிள் பேராயர் நெஸ்தோரியுஸும் அலெக்சந்திரியாவின் பேராயர் சிரிலும் மோதிய 431 எபேசு சங்கத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம், கேள்வி நேரடியாக அதைப் பற்றி வந்தால் தவிர. 451 கல்செதோன் சங்கத்துக்கு மட்டும் இடம் ஒதுக்குங்கள். ஒரே கிறிஸ்து இரண்டு தன்மைகளில், கலவாமல், மாறாமல், பிரியாமல், பிரிக்கப்படாமல் என்று நான்கும் எதிர்மறையாக இருப்பதைக் கவனித்து எழுதுங்கள். எப்படி இணைந்தன என்று சங்கம் விளக்கவில்லை, எப்படியெல்லாம் சொல்லக் கூடாது என்று வேலி போட்டது. முதல் இரண்டு, இரு தன்மைகளும் ஒன்றாகக் கரைந்துவிட்டன என்ற யூத்திகேஸின் பக்கம் சாயாமல் இருக்க, பின் இரண்டு, கிறிஸ்துவை இரண்டு ஆள் போலப் பிரித்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட நெஸ்தோரியுஸின் பக்கம் சாயாமல் இருக்க. அதன் பிறகு கல்செதோனை ஏற்காத சபைகளைப் பற்றி ஒரு பத்தியாவது வேண்டும். கோப்திக், ஆர்மீனிய, எத்தியோப்பிய, சிரிய மரபுச் சபைகள் அவை, பக்கத்துக் கேரளத்தில் இருக்கிற மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையும் அந்தக் குடும்பம்தான். அவர்களைத் துர்உபதேசக்காரர் என்று எழுதிவிடாதீர்கள். 1973இல் போப் ஆறாம் பவுலும் கோப்திக் சபைத் தலைவர் மூன்றாம் ஷெனூடாவும் கிறிஸ்துவைக் குறித்துச் சேர்ந்து ஒரு விசுவாச அறிக்கையே வெளியிட்டார்கள்.

இதையெல்லாம் நினைவில் நிறுத்த ஒரு வழி சொல்கிறேன். திருவிருந்து ஆராதனையில் நிசேயா விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது ஒவ்வொரு சொற்றொடருக்கும் இது யாருக்குப் பதில் என்று மனதுக்குள் கேளுங்கள். "மெய்த் தேவனில் மெய்த் தேவன்" ஆரியுஸுக்கு. "அவருடைய ராஜ்யத்துக்கு முடிவில்லை" என்பது குமாரனின் ஆட்சி ஒருநாள் முடிந்துவிடும் என்று போதித்ததாகச் சொல்லப்பட்ட அங்கிராவின் பேராயர் மர்செல்லுஸுக்கு. நாலைந்து வாரத்தில் பாடத்தின் எலும்புக்கூடு மனதில் நின்றுவிடும், ஆராதனையும் ஆழமாகும்.

இந்தியக் கிறிஸ்தியலைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள். 1820இல் ராஜா ராம்மோகன் ராய் இயேசுவின் போதனைகளை மட்டும் தொகுத்து வெளியிட்டார், அற்புதங்களும் தெய்வீகக் கோட்பாடும் இல்லாமல். செராம்பூர் மிஷனெரி ஜோசுவா மார்ஷ்மன் அதை எதிர்த்து எழுத, ராய் மூன்று நூல்களாகப் பதில் கொடுத்தார், மூன்றாவதை பாப்டிஸ்ட் மிஷன் அச்சகம் அச்சடிக்க மறுத்ததால் சொந்த அச்சகத்தில் அச்சிட்டார். ஆரியுஸ் கேட்ட கேள்வியே வங்காளத்தில் மறுபடி எழுந்தது என்று சேர்த்துக் காட்டினால் பதிலுக்குத் தனி எடை. நம் பக்கத்தில் பாளையங்கோட்டையில் பிறந்து கோயம்புத்தூர் பேராயராக இருந்த ஏ.ஜே. அப்பாசாமி "நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்" என்பதைப் பக்தி மரபின் வெளிச்சத்தில் அன்பின் ஐக்கியமாக வாசித்தார், அத்வைத ஒருமையாக அல்ல. அது நிசேயாவுக்குப் போதுமா என்று விவாதியுங்கள், போதாது என்பது என் கருத்து. சென்னையின் வி. சக்கரைக்கு நான் கூடுதல் இடம் கொடுத்தேன், அவதாரம் என்ற கருத்தை எடுத்துக்கொண்டே, கிறிஸ்துவின் மனிதம் உயிர்த்தெழுதலோடு கழற்றி வைக்கப்படவில்லை, இன்றும் தொடர்கிறது என்று அவர் வலியுறுத்தியது கல்செதோனோடு நேராகப் பேசுகிறது.

நேர மேலாண்மை பற்றி அதிகம் சொல்ல இல்லை. தெரிந்த கேள்விக்கு ஆறு பக்கம், தெரியாததற்கு அரைப் பக்கம் என்று போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பெயர்களைத் தாள் முழுக்க ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள், சங்கங்களின் வருடத்தை மாற்றிவிடாதீர்கள்.

வாய்மொழித் தேர்வு இருந்தால் சங்கடமான வசனங்களைத்தான் கேட்பார்கள். என்னைக் கேட்டது மாற்கு 13:32, அந்த நாளைக் குமாரனும் அறியார் என்ற வசனம். தேவன் என்றால் எப்படித் தெரியாமல் இருக்கும்? மனிதத் தன்மையில் அறியாதவர், தெய்வத் தன்மையில் அறிந்தவர் என்று ஆதிச் சபைப் பிதாக்கள் சொன்னதைச் சொல்லுங்கள், ஆனால் அங்கேயே நிறுத்தினால் ஒரே ஆள் இரண்டாகப் பிளந்த மாதிரி ஆகிவிடும், நெஸ்தோரியுஸின் வாசலில் போய் நிற்பீர்கள். குமாரன் உண்மையாகவே நம்மைப் போல அறியாமையோடு வாழ ஒப்புக்கொடுத்தார், பிலிப்பியர் 2 சொல்கிற தம்மைத் தாமே வெறுமையாக்குதலில் அதுவும் அடங்கும் என்று அடுத்த படிக்குப் போங்கள். தேவன் ஒருவரைத் தவிர நல்லவர் இல்லை என்று இயேசு சொல்கிற மாற்கு 10:18க்கும், மேலே பார்த்த யோவான் 14:28க்கும் இதே முறையில் பதிலை முன்கூட்டியே தயார் செய்து, ஒரு நண்பரிடம் சத்தமாகச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போங்கள்.